மீண்டும் முளைத்த மீனவர் கிராமம்

ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். அதன் வடமேற்கு மூலையில், நைந்துபோன சேலைத் தலைப்பைப் போல் ஓரமெல்லாம் கிழிந்து தொங்குகிற தேசம் ஒன்று தென்படும். அதுதான் நார்வே. அங்கே கடல் நீரானது மலைகளைப் பிளந்துகொண்டு சில இடங்களில் 100 மைலுக்கு மேலும் உள்ளே புகுந்திருக்கிறது. நிலமோ துண்டு துண்டாகச் சிதறி, ஆயிரக்கணக்கான தீவுகளாகக் கடலில் கிடக்கிறது. இந்தக் கரையைப் பிழையில்லாமல் வரைந்து கொண்டுவரும்படி எந்தப் பூகோள உபாத்தியாயரும் பையன்களுக்குக் கட்டளையிட மாட்டார். அவருக்கே அது வராது!

இத்தேசத்தின் மேற்குக் கரையில் பெர்கன் என்னும் புராதனமான துறைமுகப் பட்டணம் இருக்கிறது. பெர்கனுக்கு மேற்கே, சமுத்திரத்தின் அலைகளை மார்பில் தாங்கிக்கொண்டு சோத்ரா என்ற நீண்ட தீவு கிடக்கிறது. அந்தத் தீவின் வெளிக்கடல் ஓரத்தில் உள்ள சிற்றூர் ஒன்றின் பெயர் டெலவோக். "வோக்" என்றால் நார்வே பாஷையில் கடல் உள்ளே புகுந்த சிறு குடா என்று அர்த்தம்.

அங்கே அரண்மனை கிடையாது. கோட்டை கொத்தளம் கிடையாது. சரித்திர ஆசிரியர்கள் நெடுங்காலம் அந்த ஊரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஆனால் 1942-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், ஐரோப்பாவில் பாதியைக் கட்டி ஆண்ட ஒரு வல்லரசு தன் கோபத்தையெல்லாம் திரட்டி, இந்தச் செம்படவர் குடியிருப்பின்மேல் கொட்டிற்று. ஒரு வீடு மிச்சமில்லாமல் ஊர் தரைமட்டமாயிற்று. அந்தக் கதையைச் சொல்லுவதற்கு முன்னால், அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லவேண்டும். அழிந்துபோனது இன்னதென்று தெரிந்தால்தான் அழிவின் அளவு நமக்குத் தெரியும்.

பாறையும் புல்லும்

சோத்ரா தீவு பூமத்திய ரேகைக்கு வடக்கே 60 டிகிரியில் இருக்கிறது. அந்த அட்சரேகையில் உள்ள வேறு பல பிரதேசங்கள் மாரிக்காலத்தில் உறைபனியில் புதைந்து கிடக்கும். ஆனால் அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து வரும் வெந்நீரோட்டம் ஒன்று நார்வேயின் கரையைத் தழுவிச் செல்வதால், இங்கே கடல் உறைவதில்லை. வருஷம் முழுவதும் படகு விடலாம், மீன் பிடிக்கலாம். அந்த ஒரு வரத்தைக் கொடுத்த இயற்கை, மற்றவற்றில் கைச்செட்டாகவே இருந்துவிட்டது. டிசம்பர் மாதத்தில் பகல் வெளிச்சம் ஆறு மணி நேரந்தான். ஜூன் மாதத்திலோ நடுநிசியிலும் முழு இருட்டு இல்லை. மழைக்குக் கேட்கவேண்டியதில்லை. பெர்கன் நகரத்தில் வருஷத்துக்கு 80 அங்குலத்துக்கு மேல் பெய்கிறது. வெளித் தீவுகளில் மழை சற்றுக் குறைவு. அந்தக் குறைவைக் காற்று நிரப்பிவிடுகிறது.

காற்று அடிக்கிற இடத்தில் மரம் ஏது? எங்கே பார்த்தாலும் வழவழப்பான பாறைகள். பாறை இடுக்குகளில் புல். மேட்டு நிலமெங்கும் ஹெதர் என்னும் குத்துச்செடி. மரம் இல்லாத ஊரில் அடுப்பு எரிய வேண்டுமே! சதுப்பு நிலங்களில் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செடிகொடிகள் மக்கிப் படிந்து, ஒருவகைக் கரிமண்ணாகியிருக்கும். கோடையின் ஆரம்பத்தில் அதைச் செங்கல்லைப் போல் வெட்டி எடுத்து, காற்றில் உலர்த்தி, முதுகுக் கூடைகளில் வீட்டுக்குச் சுமந்து வருவார்கள். குளிர்காலம் முழுவதற்கும் அதுதான் விறகு.

இந்தக் கரையில் முழு விவசாயியும் இல்லை. முழுச் செம்படவனும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நாலைந்து துண்டு நிலம், இரண்டொரு பசு, சில ஆடுகள், ஒரு படகு. நிலம் மட்டும் என்றால் பட்டினி. கடல் மட்டும் என்றால் நிச்சயமின்மை. இரண்டையும் முடிச்சுப்போட்டு ஜீவனம் செய்தார்கள். அங்குள்ள பழைய ஆட்டு ஜாதி ஒன்று மாரிக்காலத்திலும் கொட்டிலுக்கு வராமல் வெளியிலேயே மேய்ந்து பிழைக்கக் கூடியது. மனிதர்களும் அந்த ஆடுகளைப் போலத்தான் இருந்தார்கள் என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹெர்ரிங் வரும் காலம்

நமக்குத் தெரிந்த மத்தி மீனுக்கு உறவான மீன் ஹெர்ரிங். குளிர்காலத்தின் கடைசியில் அது முட்டையிடுவதற்காகக் கோடி கோடியாகக் கரையை நாடி வரும். திமிங்கிலங்களும் கடற்பறவைகளும் அந்தக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வருவதைப் பார்த்தவுடனே ஊர் பரபரப்படையும். மீன் கூட்டம் குடாவுக்குள் நுழைந்ததும், அதன் வாயைப் பெரிய கரைவலையால் அடைத்துவிடுவார்கள். இது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமல்ல. பல படகுகள் வேண்டும். பல கைகள் வேண்டும். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போலத்தான். பிடித்த மீன் உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைக்கப்பட்டுப் பெர்கன் வியாபாரிகளிடம் போகும். சில வருஷங்களில் ஹெர்ரிங் ஏராளமாக வரும். சில வருஷங்களில் வராமலே போய்விடும். ஏன் வரவில்லை என்று கடலை யார் கேட்பது?

அவர்களுடைய படகைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியும்படி வைத்துத் தைத்தாற்போல் இணைத்துக் கட்டுவது அந்நாட்டு வழக்கம். பெர்கனுக்குத் தெற்கே ஓஸ் என்ற பிரதேசத்தில் தோன்றிய "ஓசெல்வர்" என்னும் படகு, அலையின்மேல் வளைந்து கொடுத்து ஏறி இறங்கும். இந்தப் படகைக் கட்டும் கலையைத் தலைமுறைக்குத் தலைமுறை கற்றுக்கொடுக்கும் முயற்சியை 2016-ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் பாராட்டித் தன் பட்டியலில் சேர்த்தது.

ஆண்கள் வாரக்கணக்கில் கடலில் இருக்கும்போது ஊரை நடத்தியவர்கள் ஸ்திரீகளே. பால் கறப்பது, கடற்பாசியை வாரிவந்து நிலத்துக்கு உரமிடுவது, உருளைக்கிழங்கு நடுவது, கரிமண் சுமப்பது எல்லாம் அவர்கள் வேலை. கோடையில் ஓயாமல் மழை தூறும் ஊரில் புல்லை அறுத்துத் தரையில் போட்டால் அழுகிவிடும். ஆகையால் கழிகளை நட்டுக் கம்பி கட்டி, துணி உலர்த்துவதைப் போல் புல்லை அதன்மேல் தொங்கவிடுவார்கள். கைக்கு ஓய்வு கிடைக்கும் நேரத்தில் கம்பளி நூல் நூற்று உடுப்புப் பின்னுவார்கள். அப்பளம் போன்ற மெல்லிய ரொட்டியை ஒரே தடவையில் மலைபோல் சுட்டு அடுக்கிவிட்டால் மாதக்கணக்கில் கெடாது. உப்பிட்ட ஹெர்ரிங், வேகவைத்த உருளைக்கிழங்கு, அந்த ரொட்டி இவையே நித்திய போஜனம். கிறிஸ்துமஸ் பண்டிகை வந்தால் உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவை ஆவியில் வேகவைத்து விருந்து செய்வார்கள். உருளைக்கிழங்கை இந்த நாட்டில் பரப்பியதில் பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார்களுக்கு முக்கியமான பங்குண்டு. அதனால் அவர்களுக்கு "உருளைக்கிழங்குப் பாதிரிகள்" என்றே பெயர் வந்துவிட்டது.

ஏழைகள்தாம், ஆனால் அடிமைகள் அல்ல. ஐரோப்பாவின் பல தேசங்களில் குடியானவன் ஜமீன்தாரின் உடைமையாக இருந்த காலத்திலும், நார்வேயின் குடியானவன் சுதந்திர மனிதனாகவே இருந்தான். குடும்பப் பண்ணையை வெளியாருக்கு விற்றுவிட்டால், குறித்த காலத்துக்குள் அதை மீட்டுக்கொள்ளும் உரிமை உறவினருக்கு உண்டு என்பது அவர்களுடைய புராதன தர்மம். பண்ணையின் பெயரே குடும்பத்தின் பெயராக வழங்கும். அத்துடன், 1739-லேயே கிராமக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவு வேண்டுமென்று அங்கே சட்டம் பிறந்தது. வேத புத்தகத்தை வாசிக்கத்தான் அந்தப் படிப்பு ஏற்பட்டது. ஆனால் வாசிக்கக் கற்றவன் ஒரே புத்தகத்தோடு நிற்பானா? 1814-இல் எய்ட்ஸ்வோல் என்ற ஊரில் கூடிய பிரதிநிதிகள் தேசத்துக்கு ஓர் அரசியல் சட்டம் வகுத்தார்கள். ஆனால் ஸ்வீடன் அரசனோடு பிணைக்கப்பட்டு, 1905-இல்தான் நார்வே முழுச் சுதந்திரம் பெற்றது. இன்றும் மே மாதம் 17-ஆம் தேதி, அச்சட்டம் நிறைவேறிய நாளன்று, ஊர்தோறும் பள்ளிக்கூடக் குழந்தைகள் கொடி பிடித்து ஊர்வலம் போகிறார்கள். சிப்பாய்கள் அணிவகுக்கிற நாளாக அல்லாமல் குழந்தைகள் அணிவகுக்கிற நாளாக அந்தத் தேசீயத் திருநாள் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது.

யுத்தம் வந்தது

1940-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 9-ஆம் தேதி விடியற்காலையில், ஜெர்மானியப் படைகள் பெர்கன் உள்பட நார்வேயின் பல துறைமுகங்களில் ஒரே சமயத்தில் இறங்கின. இரண்டு மாதம் போராடிய பிறகு அரசர் ஹாக்கோனும் மந்திரிகளும் ஜூன் 7-ஆம் தேதி இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்கள். நாட்டை ஆள ஹிட்லர் அனுப்பிய அதிகாரியின் பெயர் ஜோஸெப் டெர்போவன். அவனுக்குத் துணை நின்ற உள்ளூர்த் தலைவன் குவிஸ்லிங். தேசத் துரோகி என்பதற்கு இங்கிலீஷ் பாஷையில் அவன் பெயரே ஒரு சொல்லாகிவிட்டது என்றால் வேறு அறிமுகம் வேண்டுமா?

1942-இன் தொடக்கத்தில் குவிஸ்லிங் தன் கொள்கையைப் பள்ளிக்கூடங்களில் புகுத்த எண்ணி, உபாத்தியாயர்கள் எல்லோரும் தன் சங்கத்தில் சேரவேண்டும் என்று உத்தரவிட்டான். மிகப் பெரும்பாலோர் மறுத்துக் கடிதம் எழுதினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். நூற்றுக்கணக்கானோர் வடகோடியில் உள்ள கீர்க்கெனெஸ் என்ற ஊரில் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படியும் அவர்கள் பணியவில்லை, திட்டந்தான் கைவிடப்பட்டது. அதே வசந்த காலத்தில்தான் டெலவோக்கின் முறையும் வந்தது.

டெலவோக்கிலிருந்து நேர் மேற்கே 200 மைலுக்குச் சற்று மேல் சென்றால் பிரிட்டனுக்குச் சொந்தமான ஷெட்லாந்துத் தீவுகள். ஜெர்மானியரிடமிருந்து தப்பி ஓடும் வாலிபர்கள் இரவோடிரவாகச் செம்படவர் படகுகளில் ஏறி அந்தக் கடலைக் கடந்தார்கள். மாரிக்காலத்து வட கடல் அது. எதிரி விமானம் வேறு வானத்தில் வட்டமிடும். பிடிபட்டால் மரண தண்டனை. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள். திரும்பி வந்த படகுகள் ஆயுதங்களையும், கம்பியில்லாத் தந்திக் கருவிகளையும், பிரிட்டனில் பயிற்சி பெற்ற நார்வே வீரர்களையும் கொண்டுவந்து கரையில் இறக்கின. இந்த ரகசியப் போக்குவரத்தில் டெலவோக்கும் ஒரு துறை. லௌரிட்ஸ் டெல்லே என்பவருடைய வீடுதான் அங்கே சத்திரம்.

சிறு ஊரில் ரகசியம் ஏது? ஒரு வீட்டு அடுப்பில் கூடுதலாக ஒரு கிண்ணம் காப்பி காய்ந்தாலே அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஆயினும் தெரிந்ததைத் தெரியாததாக வைத்துக்கொள்ளவும் சிறு ஊர்களால் முடியும். கடலிலிருந்து கரையேறி வந்தவனுக்கு உலர்ந்த உடுப்பும் உணவும் கொடுப்பது கடற்கரை ஜனங்களின் பழக்கம். அவர்கள் செய்த ராஜத்துரோகம் பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் நீட்சிதான்.

ஏப்ரல் 26-ஆம் தேதி

1942 ஏப்ரல் மாதத்தில் ஷெட்லாந்திலிருந்து ஆர்னே வேரும், எமில் வோல் என்ற இரண்டு வீரர்கள் வந்து லௌரிட்ஸ் டெல்லேயின் வீட்டில் மறைந்திருந்தார்கள். இந்தச் செய்தி கெஸ்டபோ என்னும் ஜெர்மானிய ரகசியப் போலீஸின் காதுக்கு எட்டிவிட்டது. 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் அந்த வீட்டுக்குள் புகுந்தார்கள். துப்பாக்கிகள் வெடித்தன. பெஹ்ரென்ஸ், பெர்ட்ரம் என்ற இரண்டு கெஸ்டபோ அதிகாரிகள் மாண்டார்கள். ஆர்னே வேருமும் அங்கேயே உயிர் துறந்தார். காயம் பட்டுப் பிடிபட்ட எமில் வோல் பிற்பாடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

சண்டை அதோடு முடிந்தது, தண்டனை ஆரம்பமாயிற்று. டெர்போவன் நேரிலேயே வந்து மேற்பார்வையிட்டான். ஏப்ரல் 30-ஆம் தேதி, வீடுகள், கொட்டில்கள், படகுக் கொட்டகைகள் எல்லாம் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டுத் தீக்கிரையாயின. படகுகளில் சில மூழ்கடிக்கப்பட்டன, சில பறிமுதலாயின. ஆடுமாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. குறிப்பாகப் படகையும் பசுவையும் தேடி அழித்ததைக் கவனியுங்கள். நிலமும் கடலுமாகிய இரண்டு கால்களில் நின்ற ஊருக்கு இரண்டு கால்களையும் வெட்டிவிட்டார்கள். வீட்டை மட்டும் எரித்தால் மனிதன் மறுபடியும் கட்டிக்கொள்வான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே நாளில், இந்த ஊரோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத 18 நார்வேயக் கைதிகளைத் திராந்தும் என்ற இடத்தில் நிறுத்திச் சுட்டார்கள். பிரிட்டனுக்குத் தப்பிச் செல்ல முயன்று பிடிபட்டவர்கள் அவர்கள். டெலவோக்கின் பெயரை அவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஆறு வாரம் சென்றபின், ஜூன் 10-ஆம் தேதி, செக் நாட்டு லிடிஸே கிராமத்துக்கு இதைவிடக் கொடிய கதி நேர்ந்தது. உலகம் லிடிஸேயை நினைவில் வைத்தது. டெலவோக்கை அவ்வளவாக அறியவில்லை.

பள்ளிக்கூடமே சிறைச்சாலை

ஊர் ஆண்களில் 72 பேர் ஜெர்மனியில் பெர்லினுக்கு வடக்கே இருந்த ஸாக்ஸன்ஹௌஸன் சித்திரவதை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் 31 பேர் திரும்பவில்லை. துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன கைகள், கடலே இல்லாத இடத்தில், பசியாலும் நோயாலும் அடியாலும் ஓய்ந்துபோயின.

ஸ்திரீகளையும் குழந்தைகளையும் வயோதிகர்களையும் ஹார்டாங்கர் பிரதேசத்தில் நூர்ஹெய்ம்சுந்த் என்ற இடத்திலிருந்த ப்ராம்னெஸ் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். குழந்தைகள் கற்பதற்குக் கட்டிய கட்டடம் குழந்தைகளுக்கே சிறைச்சாலையாயிற்று. வெளியே நார்வேயின் மிக அழகான பழத்தோட்டப் பிரதேசம். வசந்தத்தில் ஆப்பிள் மரங்கள் பூத்துக் குலுங்கும். உள்ளே, கணவன் எங்கே, மகன் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்ற ஒரே கேள்வி. கடலுக்குப் போன ஆண்களை எதிர்பார்த்துக் கரையில் காத்திருந்து பழகியவர்கள் அந்தப் பெண்கள். ஆனால் புயல் என்றாவது ஓயும் என்ற நிச்சயம் கடற்கரையில் உண்டு. இந்தக் காத்திருப்பில் அந்த நிச்சயமும் இல்லை. இரண்டு வருஷம் அப்படிக் கழிந்தது. விடுதலை கிடைத்த பின்னும் போவதற்கு வீடு ஏது? யுத்தம் முடியும்வரை உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டார்கள்.

1945 மே 8-ஆம் தேதி ஜெர்மானிய ஆதிக்கம் முடிந்தது. அன்றைய தினமே டெர்போவன் வெடிமருந்தைக் கொளுத்தித் தன்னைத் தானே மாய்த்துக்கொண்டான். டெலவோக்கின் வீடுகளைத் தகர்க்கச் சொன்னவனின் முடிவு அப்படி அமைந்தது.

திரும்பி வந்தவர்கள்

ஊர் என்று சொல்ல அங்கே இருந்தவை அஸ்திவாரக் கற்களும் புல் முளைத்த மேடுகளுந்தான். வேறு எங்கேயாவது போய்ப் பிழைத்திருக்கலாம். நார்வேயிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் முன்னமே அமெரிக்காவுக்குக் குடியேறியிருந்தார்கள். உறவினர் இல்லாத குடும்பம் அபூர்வம். அப்படியிருந்தும் டெலவோக் வாசிகள் டெலவோக்குக்கே திரும்பினார்கள். தேசத்தார் உதவியோடு புதிய வீடுகள் எழும்பின. பசுக்கள் வந்தன. புது வீடுகளில் பலவற்றில் அப்பா இல்லை. சிலவற்றில் அண்ணனும் இல்லை. மற்ற நார்வேயக் கிராமங்களில் பாட்டன் காலத்து வீட்டையும் கொட்டகையையும் பெருமையோடு காட்டுவார்கள். டெலவோக்கில் அழிக்கப்பட்ட பகுதியில் 1942-க்கு முந்திய வீடு ஒன்றையும் காட்ட முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதை ஒதுக்கிவிடுவது நேர்மையாகாது. இரகசிய வேலையில் நேராக ஈடுபட்டவர்கள் சிலர். தண்டனை அனுபவித்தவர்கள் எல்லோரும். அந்தச் சிலர் மறுத்திருந்தால் ஊர் தப்பியிருக்கும் அல்லவா? தகப்பனை இழந்த பிள்ளை இப்படிக் கேட்டால் அதற்கு எளிதான பதில் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். சிலர் செய்ததற்காக எல்லோரையும் தண்டிக்கிறவன் விரும்புவது என்ன? அண்டை வீட்டுக்காரனைப் பார்த்து அண்டை வீட்டுக்காரன் பயப்படவேண்டும், கதவைத் தட்டுகிறவனுக்குக் கதவைத் திறக்கக் கூடாது என்பதுதானே? குற்றம் கதவைத் திறந்தவனுடையது என்று நாம் சொல்லத் தொடங்கினால், அந்தக் கொடுங்கோலனின் காரியத்தை அவன் இறந்த பிறகும் நாமே செய்து முடித்தவர்களாவோம்.

இன்று டெலவோக்கில் தேசீய நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. வட கடலைக் கடந்து சென்ற அந்தச் சிறு படகுகளின் கதையைச் சொல்லும் காட்சிசாலையும் இருக்கிறது. 1971-இல் பாலம் போட்டுச் சோத்ராவைப் பெர்கன் பக்கத்து நிலத்தோடு இணைத்துவிட்டார்கள். துடுப்புப் போட்டுப் போன பட்டணத்துக்கு இப்போது மோட்டார் வண்டி போகிறது. கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்துத் தேசமே செல்வத்தில் புரளுகிறது. 2020 முதல் அந்த ஊர் எய்கார்டன் என்ற பெரிய நகராட்சிப் பிரதேசத்தில் அடங்கியிருக்கிறது. ஹெர்ரிங்கை நம்பிப் பட்டினி கிடந்த காலம் பாட்டிமார் சொல்லும் கதையாகிவிட்டது.

ஆனாலும் குடா அதே குடாதான். பாறையும் ஹெதர் செடியும் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றும் அவைதாம். ஒரு கிராமத்தைப் படத்திலிருந்து அடித்துவிட ஓர் அரசாங்கத்துக்கு ஒரு நாள் போதும். அதை மறுபடியும் எழுதுவதற்குப் பெரிய வீரச் செயல்கள் தேவைப்படவில்லை. கூரை வேய்வதும், கிழங்கு நடுவதும், வலை பின்னுவதும், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுமாகிய சின்னஞ்சிறு காரியங்களைப் பொறுமையோடு செய்தே டெலவோக்கின் ஸ்திரீகளும் எஞ்சிய ஆண்களும் தங்கள் ஊரின் பெயரைப் பூகோளப் படத்தில் மீண்டும் எழுதிவிட்டார்கள்.